ஊசி ஒடிந்த நோட்டு

காலை பத்து மணி வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண் திறந்திருந்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். மிச்சப் பேரெல்லாம் முந்தின ராத்திரி பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நின்றுவிட்டு நேராகப் பஸ் ஏறி வந்தவர்கள். அவர்களைத் தரணி எழுப்புவதில்லை. எழுப்பி என்ன ஆகப்போகிறது? பாடமோ செயல்நோக்கு இலக்கணம். இப்படி ஒரு தாளைப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்து வைத்த புண்ணியவான்கள் அதற்கொரு புத்தகத்தையும் எழுதி வைத்திருக்கலாம். எழுதவில்லை. இருப்பதெல்லாம் தரணி தன் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த குறிப்புகள்தான்.

“ராஜவேல்னு ஒருத்தர் மெஷின் ஓட்டறாரு. மதியம் ஊசி ஒடிஞ்சு போச்சு. இந்தச் சேதிய நீங்க சூப்பர்வைசர்கிட்டச் சொல்லணும். எப்படி ஆரம்பிப்பீங்க?”

முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். “ராஜவேல் ஊசிய ஒடிச்சுட்டாருன்னு சொல்லலாங்க மேடம். இல்லாட்டி, மதியத்துல ஒரு ஊசி ஒடிஞ்சு போச்சுன்னும் சொல்லலாங்க.”

“ரெண்டாவது மாதிரி சொன்னா ராஜவேலு தப்பிச்சுக்குவானுங்க,” என்றது பின்னால் ஒரு தூக்கக் குரல். வகுப்பே சிரித்தது.

அவ்வளவுதான் விஷயம். வாக்கியத்தின் வாசலில் முதலில் எதைக் கொண்டுவந்து நிறுத்துகிறோமோ அது எடுப்பு. அதைப் பற்றிச் சொல்ல வந்த சேதி தொடுப்பு. ஆங்கிலத்தில் தீம், ரீம் என்பார்கள். செய்தவர், செயல், செயலுக்கு ஆளான பொருள், நடந்த நேரம், இடம் என்று ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிற ஆட்களில் யாரை முன்னால் விடுவது என்பது பேசுகிறவர் கையில் இருக்கிறது. தமிழில் வினை மட்டும் கடைசியில் நின்றுகொள்ளும். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றி உட்கார வைக்கலாம். அப்படியிருக்கும்போது ஒருவர் ஒன்றை முதலில் வைக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். இந்தக் காரணத்தைத் தேடித்தான் தரணி தன் வாழ்க்கையில் எட்டு வருடத்தைக் கொட்டியிருந்தாள்.

அவள் குண்டடத்துப் பக்கம் மானாவாரி பூமிக்காரர் வீட்டுப் பெண். தமிழில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்தாள். பெருமாநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயே பக்கத்துக் கல்லூரியில் பதினோரு வருடமாக வேலை. புருஷன் செல்வக்குமாருக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற உத்தியோகம். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வீட்டில் மாமியார் காளியாத்தாள் இருந்தாள். இருபது வருடம் பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், அஞ்சாம் வகுப்புப் படிப்பு, ஆனால் கையில் கிடைத்த எந்தக் காகிதத்தையும் எழுத்துக் கூட்டியாவது படிக்காமல் விடமாட்டாள். தரணி பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறேன் என்று பயந்து பயந்து சொன்ன அன்றைக்கு, “போய்ப் படி கண்ணு. அடுப்ப நான் பாத்துக்கறேன்,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகூடத் தரணி அடுப்படிப் பக்கம் போனதில்லை.

ஆனால் பட்டம் வருகிற வழியாக இல்லை. மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. வருகிற மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. போதாக்குறைக்குக் கல்லூரியில் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு முனைவர் பட்டம் இல்லாதவர்கள் மணிக்கணக்கு விரிவுரையாளர்களாக மாற்றப்படுவார்களாம். பதினோரு வருடம் நின்ற இடத்தில் நேற்று வந்த ஆள் மாதிரி நிற்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். தரணி அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கழிவறையில் நின்று அழுதாள்.

ஆய்வுப் பொருள் அவளுக்குக் கிடைத்த விதம் தனிக்கதை. குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கிற கம்பெனிகளில் ஒரு நோட்டு உண்டு. தைக்கும்போது ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். ஒடிந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பொறுக்கி, ஒன்றுவிடாமல் அந்த நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி, ‘எப்படி ஒடிந்தது’ என்கிற கட்டத்தில் அந்த மெஷின் வரிசையை மேய்க்கிற லைன் சூப்பர்வைசர் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டு ஒன்று சட்டையோடு போய்க் கடல் தாண்டி ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்திவிட்டால் கம்பெனி கதை முடிந்தது. நீடில் ரிஜிஸ்டர் என்பார்கள். தரணி அதை ஊசி ஒடிந்த நோட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

கல்லூரித் தாளாளர் ஒரு வார்த்தை சொன்னதன் பேரில் ஒரு கம்பெனியில் அந்த நோட்டுகளைப் பார்க்க அனுமதித்தார்கள். ஆபீஸில் பதிவேடுகளைக் கவனித்துக்கொள்கிற முனவர் பேகம் என்ற பெண்மணி எட்டு நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தபடி, “பொறுமையா பாருங்க மேடம், டீ சொல்லட்டுங்களா?” என்றாள். அன்றைக்குத் தரணிக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஏழு சூப்பர்வைசர்கள், நாலு பேர் ஆண், மூன்று பேர் பெண். அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்தில். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் எடுப்பையும் குறித்து, ஒன்றரை வருடம் எண்ணினாள்.

எண்ணினதில் ஒன்று துலங்கியது. ஆண் சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஆளின் பெயரில் ஆரம்பித்தார்கள்: ‘ராஜவேல் துணியை வேகமாக இழுத்ததால் ஊசி ஒடிந்தது.’ பெண் சூப்பர்வைசர்கள் நேரத்திலோ மெஷினிலோ ஆரம்பித்தார்கள்: ‘மதியம் மூன்று மணிக்கு நாலாம் நம்பர் ஓவர்லாக்கில் தையல் தடித்த இடத்தில் ஊசி ஒடிந்தது.’ ஆள் எங்கே? ஆள் வாக்கியத்திலேயே இல்லை. பெண்கள் தங்கள் லைனில் வேலை செய்கிறவர்களை வாக்கியத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள்! இதை வைத்து நாலாம் இயலை அறுபது பக்கம் எழுதினாள். ஒரு கருத்தரங்கில் படித்தபோது முன் வரிசையில் இருந்த பெரிய பேராசிரியர்கள் கைதட்டினார்கள். தரணி வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். காளியாத்தாள் மட்டும், “என்ற காலத்துல அப்படியொரு சூப்பர்வைசரம்மாவ நான் பாத்ததில்ல கண்ணு. ஒருவேள இப்ப மாறிட்டாங்களோ என்னமோ,” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் வினை வந்தது. நெறியாளர் சண்முகவேல் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். எழுதினவர்களின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் எந்த எழுத்தையும் ஆய்வில் பயன்படுத்தக் கூடாது என்று புதிதாக விதி போட்டிருக்கிறார்களாம். ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம்.

“எட்டு வருசமா இல்லாத விதி இப்ப எங்கிருந்து சார் வந்துச்சு?”

“என்னைக் கேட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? ஏழு கையெழுத்துதானே? ஒரு நாள் வேலை.”

ஏழு கையெழுத்துதானே என்று தரணியும் நினைத்துக்கொண்டு, ஏழு படிவத்தையும் ஏழு மாதிரிப் பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். சாப்பாட்டு நேரம். கேன்டீன் ஓரத்தில் முதலில் அகப்பட்டவர் பொங்கியண்ணன். ஐம்பது வயது, மூன்றாவது லைன் சூப்பர்வைசர். கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, தன் பெயரில் இருந்த பதிவை நிதானமாகப் படித்தார்.

“கையெழுத்து என்னுதுதானுங்க,” என்றார். “வாசகம் என்னுது இல்லீங்க.”

“என்னங்கண்ணா சொல்றீங்க? கீழ நீங்கதானே போட்டிருக்கீங்க?”

“நான் எங்கீங்க மேடம் இத்தன பெருசா எழுதப்போறேன்? லைன்ல நிக்கறப்ப தண்ணி குடிக்கவே நேரமில்ல. ஒரு துண்டுச் சீட்டுல நம்பரக் கிறுக்கி ஸ்டோர்ல குடுத்துட்டு ஊசிய வாங்கிட்டு ஓடிருவமுங்க. துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்க ஆள் அனுப்பி நோட்டுகள ஆடிட்டுப் பண்ண வர்றப்ப ஆபீஸ்ல முனவரம்மா எல்லாத்தையும் நோட்டுல ஏத்தி வெப்பாங்க. நாங்க வரிசையா நின்னு கையெழுத்துப் போட்டுருவோம்.”

“எல்லா நோட்டுமா?”

“எல்லா நோட்டுந்தானுங்க. எல்லாக் கம்பெனிலயும் இப்படித்தான் நடக்குதுன்னு சொல்றாங்க, எனக்குத் தெரியாதுங்க. இங்க இப்படித்தான்.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. “அட, அதுக்கு ஏனுங்க இப்படி ஆயிட்டீங்க? உங்களுக்கும் எங்க போடணும்னு சொல்லுங்க, போட்டுத் தர்றேன். அதுல போட்டவன் இதுல போட மாட்டனுங்களா?”

சொன்னதோடு நிற்காமல் பேனாவை எடுத்துப் படிவத்தில் போட்டும் கொடுத்துவிட்டார். தரணி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவு. ஒன்றரை வருடம். அறுபது பக்கம். கைதட்டின பேராசிரியர்கள். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

முனவர் பேகம் தனியாக உட்கார்ந்து ஏதோ ஒரு நோட்டில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தரணியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பிளஸ் டூ முடித்த வருடமே இந்தக் கம்பெனிக்கு வந்தவள்.

“அக்கா, இந்த நோட்டெல்லாம் நீங்க எழுதினதா?” என்று நின்றபடியே கேட்டாள் தரணி. குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

முனவர் அடிக்கோலைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உட்காருங்க மேடம்.”

“நான் உட்கார வரல. இத்தன வருசத்துல எத்தன தடவ வந்திருப்பேன், எத்தன டீ குடுத்திருப்பீங்க! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“வெளியாளுக்கு ஆடிட்டு நோட்டத்தான் காட்டணும்னு மேனேஜர் சொல்லியிருந்தாருங்க. நீங்களும் வெளியாளுதானுங்களே.” முனவர் குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க என்ன படிக்கிறீங்கன்னும் எனக்கு வெளங்கல. ஊசி எத்தன ஒடிஞ்சுதுன்னு கணக்கெடுக்கிறீங்கன்னு நெனச்சேன். வாசகத்தப் படிக்கிறீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? அத ஆருங்க படிப்பாங்க?”

“கையெழுத்து வேற வேறயா இருக்குதே?”

“பேக்கிங் புள்ளைங்கள உட்கார வெச்சு எழுத வெச்சனுங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதுவாங்க.” மேஜையின் அடி இழுப்பைத் திறந்து ஒரு பழைய டால்கம் பவுடர் டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டினாள். உள்ளே ஊசித் துண்டுகள் கலகலத்தன. “துண்டு பத்தலீன்னா மெக்கானிக்கிட்டத் தேஞ்ச ஊசி வாங்கி நானே குறடு வெச்சு ஒடிச்சு ஒட்டிருவேன்.”

தரணிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்ப அந்த வாசகமெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? பொங்கியண்ணன் ஒரு மாதிரி எழுதறாரு, பொம்பளைங்கள்ல சாந்தாமணி ஒரு மாதிரி எழுதறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நடை. நான் அதத்தானே எண்ணினேன்?”

முதல் தடவையாக முனவரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

“வித்தியாசம் தெரிஞ்சுதுங்களா மேடம்? ஆறு வருசம் முன்ன எல்லாத்துலயும் ‘தைக்கும்போது ஊசி ஒடிந்தது’ன்னு ஒரே மாதிரி எழுதிட்டேன். வந்த ஆடிட்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும். ‘இது ஒரே ஆள் எழுதினது’ன்னு அப்பவே புடிச்சுட்டாங்க. ஆர்டரே கையவுட்டுப் போகப் பாத்துது. மேனேஜர் என்னைய எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்ட கேள்விய இன்னிக்கும் மறக்கல. அதுக்கப்பறம் ஒரு மாசம் லைன்லயே போயி நின்னு ஒவ்வொருத்தரும் எப்படிப் பேசறாங்கன்னு கேட்டேன். பொங்கியண்ணன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பாரு. அவருக்கு அப்படியே போட்டேன்.”

“சாந்தாமணி? மத்த ரெண்டு பொம்பளைங்க?”

முனவர் டப்பாவை இழுப்பில் வைத்து மூடினாள். “அவங்க இன்னும் மோசமுங்க. பேரச் சொல்லி, அப்பன் பேரச் சொல்லி, ஊரச் சொல்லித் திட்டுவாங்க. ஆனா அத எழுத்துல போட எனக்கு மனசு வரல. ஒரு பொம்பள அப்படித் திட்டினான்னு நோட்டுல நிக்கணுமான்னு தோணுச்சு. அதனால ‘மூணு மணிக்கு’, ‘நாலாம் நம்பர் மெஷின்ல’ன்னு மாத்திவுட்டுட்டேன்.”

கிழிஞ்சது போ. கருத்தரங்கில் கைதட்டு வாங்கின கருணை முழுக்க இந்த ஒரு மேஜையில் உட்கார்ந்து தயாரானது. நாலாம் இயலில் இருந்த மூன்று பெண்களும் இல்லாத பெண்கள். தரணி டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு நாய்படாத பாடு. நெறியாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

“கையெழுத்து அவங்க போட்டதுதானே? போட்டுக் குடுக்கறேன்னு சொல்றாங்கதானே? வாங்கிட்டு வாம்மா. புறத்தேர்வாளர் திருப்பூர் வந்து லைன்ல நின்னு பாக்கப்போறாரா?”

“வாய்மொழித் தேர்வுல அத்தன பேர் முன்னாடி நின்னு நான் என்ன சார் பேசுவேன்? பொய்யுன்னு எனக்குத் தெரியுமே.”

“உனக்கு மட்டும்தானே தெரியும்?” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் அவள் முடித்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது.

தரணிக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. யார்மீது காட்டுவது என்றும் தெரியவில்லை. வகுப்பில் தூங்கின பையன்களை எழுப்பி வெளியே அனுப்பினாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று வாழ்நாளில் முதல் தடவையாக மாமியாரிடம் தட்டைத் தள்ளினாள். காளியாத்தாள் அந்தத் தட்டை எடுத்துவைத்துவிட்டுத் தயிரைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வார முடிவில் ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதும் படபடத்துவிட்டாள். உண்மையையே எழுதினால் என்ன? ஒரே பெண் ஏழு பேராக எழுதியிருக்கிறாள். யாருக்கு எந்த எடுப்பைக் கொடுப்பது என்று காதால் கேட்டு, மனதால் திருத்தி முடிவு செய்திருக்கிறாள். உலகத்தில் எந்த மொழியியல்காரனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு தரவு? நாலாம் இயலைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று வாரத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம். பழையதைவிட நூறு மடங்கு நல்ல ஆய்வு. மறுநாளே வேலை முடிகிற நேரம் பார்த்துக் கம்பெனி வாசலில் போய் நின்றாள். முனவர் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னாள்.

முனவர் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“நான் எழுதினது அத்தன நல்லா இருக்குதுங்களா?”

“சத்தியமா அக்கா.”

“கேக்க சந்தோசமா இருக்குதுங்க. ஆனா வேண்டாமுங்க மேடம்.”

“பேரப் போட மாட்டேன். கம்பெனி பேரும் போட மாட்டேன்.”

“இந்தக் கம்பெனிக்கு நீங்க வந்துபோனது வாட்ச்மேன் நோட்டுல இருக்குது. உங்க காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும். ஆடிட்டு நோட்ட ஒரு பொம்பள தனியா உட்கார்ந்து எழுதறான்னு அச்சுல வந்தா, அந்தப் பொம்பள ஆருன்னு கண்டுபுடிக்க ஒரு நாள் ஆகுங்களா? எங்க ஊட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுது மேடம். வாரத்துக்கு ரெண்டு. என்ற வேல போச்சுன்னா அதுவும் நின்னு போயிரும்.” கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஏறப்போனவள் திரும்பி வந்தாள். “நீங்க எட்டு வருசம் படிச்சிருக்கீங்க. என்னால அது போச்சேன்னு எனக்குத் தூக்கம் வராது. ஆனா நான் சரின்னு சொல்ல முடியாதுங்க.”

எழுத மாட்டேன் என்று தரணி வாக்குக் கொடுத்தாள். வேறு என்ன செய்வது? பொய்யை எழுத அவளுக்கு உடம்பு கூசியது. உண்மையை எழுதினால் இன்னொரு வீட்டில் ஒரு உயிர் போகும். வேறு கம்பெனியில் வேறு நோட்டைத் தேட நாளும் இல்லை. நெறியாளரிடம்கூட, தரவில் பிழை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டாம், எழுதினால் என்ன பிழை என்று கேட்பார்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். எட்டு வருடத்தைத் தூக்கிப் போடுகிறவள் அதற்கும் கெஞ்ச வேண்டியிருந்தது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கெடு தாண்டிப் பதிவு தானாக ரத்தானால் மறுபடி ஒரு நாளும் பதிய முடியாது, நாமே விலகிவிடுவதுதான் நல்லது என்றார் நெறியாளர். மார்ச் இருபதாம் தேதி கோயம்புத்தூர் போய்ப் பதிவை விலக்கிக்கொள்கிற படிவத்தை வாங்கினாள். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, இரண்டு விரல் அகலம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுப்பு எது? ‘தரவுகள்’ என்று ஆரம்பித்தால் மாட்டுவது முனவர். ‘நிறுவனம்’ என்று ஆரம்பித்தால் அதுவும் முனவர். ‘நான்’ என்று ஆரம்பித்தாலோ, நான் என்ன செய்தேன் என்று மேலே எழுத வேண்டும். பதினோரு வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு வாக்கியம் ஆரம்பிக்க வரவில்லை.

கவுன்ட்டரில் இருந்தவருக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. படிவத்தை அவளிடமிருந்து இழுத்து, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக ஆய்வைத் தொடர இயலவில்லை’ என்று கடகடவென எழுதினார்.

“அது காரணமில்லைங்க சார்.”

“பொம்பளைங்க கேஸ் எல்லாத்துக்கும் இதத்தாம்மா போடறது. இதுன்னா ஆரும் மேக்கொண்டு கேள்வி கேக்க மாட்டாங்க. கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.”

யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவிநாசி வரைக்கும் அழுதாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே யோசித்தார்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் காளியாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. மடியில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம், பிரித்தபடி கிடந்தது.

“நேரம் முடிஞ்சு போச்சு, அதான் நின்னு போச்சுன்னு எங்கிட்டச் சொன்னே,” என்றாள். “இதுல வேற மாதிரி போட்டிருக்குது கண்ணு.”

“அத்தை, அது வந்து—”

“குடும்பச் சூழ்நிலைன்னா இந்த ஊட்டுல ஆரு கண்ணு? அவன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்றான். மிச்சம் நாந்தானே?”

தரணி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கியண்ணன் போட்டுக் கொடுத்த கையெழுத்தைச் சொன்னாள். பவுடர் டப்பாவைச் சொன்னாள், சாந்தாமணியைச் சொன்னாள், டயாலிசிஸைச் சொன்னாள், கவுன்ட்டர்க்காரரைச் சொன்னாள். காளியாத்தாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியை மறுபடியும் விரல் வைத்துப் படித்தாள்.

“அந்தப் பொம்பளையக் காப்பாத்தினது நல்லதுதான். நானா இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்.” கடிதத்தை மடித்துத் தரணியின் கையில் கொடுத்தாள். “ஏழு பேருகிட்டக் கையெழுத்துக் கேக்கக் கெளம்பினே. எழுதலாமான்னு அவகிட்டப் போயிக் கேட்டே. இதுல என்னைய எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயா கண்ணு?”

காளியாத்தாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அரிசி களையப் போனாள்.